பெயர் மாற்றப்பட்டுள்ளது

புன்னைக்கரை,
பெரியகல்லாறு வழி.
07.07.2024

அன்பு மகள் டினோஷாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் அவ்வப்போது முறைப்பாடு வைக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், கொழும்புச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

போனில் பேசச் சொல்லி அழுகிறாய். காது மெசினைப் போட்டுக்கொண்டு போனைப் பிடித்தால் உள்ளே வண்டு இரைகிறது. கழற்றிவிட்டால் நீ கத்துவது அடுத்த வளவுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்பதில்லை. கடிதம் என்றால் ஆறுதலாக இரண்டு தரம் வாசிக்கலாம். சோம்பல் படாமல் எழுது.

உனக்கு ஆறு மாதப் பயிற்சி கிடைத்ததை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். என்ன வேலை என்று கேட்டார்கள். அரசாங்கம் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று யோசித்து எழுதிக் கொடுக்கிற நிலையம் என்றேன். சங்கச் செயலாளர் அன்ரோ, "யோசிக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களாகா?" என்றான். "நீ பயப்படாத, உனக்குத் தரமாட்டாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

மீனவர் சங்கத் தலைவர் பதவி இந்த வருடமும் என் தலையில்தான். பக்கத்து வளவுச் சுஜீவாவின் கலியாணம் மே மாதம் முடிந்தது. சோதனை என்று நீ வராததில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். மாப்பிள்ளை அக்கரையான், வெல்லாவெளிப் பக்கம். நம் வழக்கப்படி பெண் வீட்டோடு வந்துவிட்டான். நெல் வெள்ளாமை செய்கிற குடும்பம், வலை பிடித்துப் பழக்கமில்லை. நான்தான் என் தோணியில் ஏற்றிப் பழக்குகிறேன். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவன் 'படுவான்கரையான்'. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு வருகிறான், நல்ல பிள்ளை.

உன் அன்பு அப்பா,
இராயப்பு

*

வெள்ளவத்தை,
21.07.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். சாப்பாடு பார்சல்தான், சொதி என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர் தருகிறார்கள். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறாரா?

எங்கள் நிலையத்தில் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் ஐந்து பேர். முதல் இரண்டு கிழமையும் மொழிபெயர்ப்பும் பிரதி எடுப்பதும்தான். இப்போது உண்மையான வேலை வந்திருக்கிறது. எங்களுக்குப் பொறுப்பான அஸ்மியா அக்கா ஏறாவூர்க்காரி. 'மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்ட வேண்டும்?' என்பது அவரின் ஆய்வு. மாரி மழையில் வாவி நிரம்பினால் வாயை அடைத்த மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். முந்தி வெட்டினால் இறால் கடலுக்கு ஓடிவிடும் என்று மீன் பிடிக்கிற நாங்கள் சொல்கிறோம். பிந்தி வெட்டினால் வெள்ளாமை அழுகிவிடும் என்று அக்கரையார் சொல்கிறார்கள். யார் செய்கிறீர்கள் என்று அக்கா கேட்டபோது, "நான் அந்தச் சண்டைக்குள்ளேயே பிறந்தவள்" என்று கையைத் தூக்கிவிட்டேன்.

கோயில் திருவிழாவுக்கு வருவேன். வந்து உங்கள் ஆட்களோடு பேசிப் பதிவு செய்ய வேண்டும். தலைவரின் அனுமதி கிடைக்குமா, அல்லது விண்ணப்பம் போட வேண்டுமா?

அன்பு மகள்,
டினோஷா

*

புன்னைக்கரை,
01.09.2024

அன்பு மகளுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அம்மா போனில் கேட்டுச் சொன்னாள். நாங்களும் நலம். நீ இருந்த நாலு நாளும் வீடு வீடாக இருந்தது.

ஒரு விசயம் மனத்தில் கிடக்கிறது. திருவிழா முடிந்த பின்னேரம் தோணியடியில் இருந்து கதைத்தோமே. பதிவு செய்கிற அந்தச் சின்ன மெசினை நீ மடியில் வைத்திருந்ததை மறந்துபோனேன். மகளோடு கதைக்கிறேன் என்றுதான் நினைத்தேன், கொழும்போடு கதைக்கிறேன் என்று நினைக்கவில்லை.

முகத்துவாரத்தை ஒரு கிழமை முந்தி வெட்டினாலும் நாங்கள் பட்டினி கிடக்கமாட்டோம், பிந்தினால் அவர்களுக்கு வருடமே போய்விடும் என்று சொன்னேன். சங்கத் தலைவர் வாயில் வரக்கூடாத கதை. அரசாங்க அதிபரின் கச்சேரிக் கூட்டத்தில் வருடா வருடம் மேசையைத் தட்டி இதற்கு எதிர்மாறாகப் பேசுகிறவன் நான். போன மாரியில் தன் தாயின் வயல் வட்டை முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்து அழுகியதைப் படுவான்கரையான் தோணியில் வைத்துச் சொன்ன நாளிலிருந்து எனக்கு இந்த நினைப்புத்தான். அவனோடும் உன்னோடும் தவிர ஒருவரோடும் நான் இதைக் கதைத்ததில்லை.

என் பெயர் வராதுதானே? அழித்துவிடு என்று சொல்லத்தான் நினைத்தேன். நான் அதைச் சொன்னபோது உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், அதனால் விட்டுவிட்டேன்.

அப்பா

*

வெள்ளவத்தை,
20.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் அப்படியே இருக்க மாதாவிடம் கேட்கிறேன்.

பயப்படாதீர்கள். ஆளின் பெயரை வெளியில் விடாதது எங்கள் தொழிலில் முதல் சட்டம். பேசியவர் தானாகச் சம்மதித்தால் ஒழிய யாரும் வாய் திறக்க முடியாது. நீங்கள் பேசியது என்று எனக்கும் அஸ்மியா அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அக்கா அந்த இடத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு, "மீன் பிடிக்கிற ஒராள் வாயால இது வந்திரிக்கே, இதுதான் புள்ள இந்த அறிக்கை" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனால் வெளியில் சொல்ல முடியாத பெருமை.

உங்களைப் பத்திரமாக ஒளித்திருக்கிறேன். வயதை நன்றாகக் குறைத்து 'இளம் மீனவர்' ஆக்கிவிட்டேன், அம்மாவிடம் சொல்லிச் சந்தோசப்படுங்கள். நம் ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் பீற்றரோ பவுலோ அன்ரனோதான் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் புனிதர் பெயர் எதையும் தொடவில்லை. ஊரில் எவருக்கும் இல்லாத பழைய தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடி வைத்திருக்கிறேன். என்ன பெயர் என்று இப்போது சொல்லமாட்டேன். அச்சில் பார்த்துச் சிரியுங்கள். தமிழ்ப் பிரதி அடுத்த மாதம் கச்சேரிக் கூட்டத்துக்கு வரும்.

அன்பு மகள்,
டினோஷா

*

புன்னைக்கரை,
27.10.2024

மகளுக்கு,

நாங்கள் சுகம்.

கச்சேரியில் கொடுத்த பிரதியை அன்ரோ கொண்டுவந்து சங்கத்தில் எல்லோருக்கும் வாசித்தான். 'புன்னைக்கரையைச் சேர்ந்த இளம் மீனவர் நல்லரத்தினம் கூறுகிறார்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினான்.

சுஜீவாவின் புருசனுக்குப் பெயர் அதுதான் மகள். தாயின் தகப்பன் பெயரை வைத்திருக்கிறார்கள். இங்கே யாரும் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நானும் உனக்கு எழுதியதில்லை. கலியாணத்துக்கு வந்திருந்தால் கார்ட்டில் பார்த்திருப்பாய்.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று இருப்பதையும் வாசித்தார்கள். "மாத்தின பேரு எப்பிடிகா அச்சொட்டா இவன்ட பேரா வரும்?" என்று அன்ரோ கேட்டான். ஆளும் இளம் ஆள், அக்கரையில் தாய்க்கு வட்டையும் இருக்கிறது. அந்த வசனத்தைக் காட்டித்தான் இந்த வருடம் முந்தியே வெட்டுவதென்று கச்சேரியில் முடிவாகியதாம். ஆட்களுக்கு நல்ல கோபம்.

அவனை எந்தத் தோணியிலும் ஏற்றுவதில்லை என்று தீர்மானிக்கப்பட்டது. இறால் எடுக்கிற றமீஸ் யாவாரியும் அவனிடம் வாங்கமாட்டார். அவன் எழும்பிப் போனான்.

வெயிலில் திரியாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

*

வெள்ளவத்தை,
02.11.2024

அப்பாவுக்கு,

உங்கள் சுகம் கேட்டு எழுத மனம் ஓடவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

எவருக்கும் இல்லாத பெயர் என்று நம்பி, இருக்கிற ஒரே ஆளின் தலையில் அதை வைத்திருக்கிறேன். வயதைக் குறைத்ததும் அவருக்கே பொருந்திவிட்டது. சுஜீவாவுக்குப் போன் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. அவள் கலியாணத்துக்குத்தான் போகவில்லை, புருசனின் பெயரையாவது கேட்டு வைத்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒன்பது வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவள்.

அஸ்மியா அக்காவிடம் சொல்லி அழுதேன். தானே நேரில் வந்து சங்கத்தில் பேசுவதாகச் சொன்னார்.

ஒன்று கேட்கிறேன் அப்பா. தீர்மானிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். யார் தீர்மானித்தது? தலைவர் கதிரையில் அன்றைக்கு நீங்கள்தான் இருந்தீர்களா? அவர் ஏறக்கூடாதென்ற தோணி உங்கள் தோணி அல்லவா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

உடனே பதில் எழுதுங்கள்.

டினோஷா

*

புன்னைக்கரை,
24.11.2024

அன்பு மகளுக்கு,

இங்கே நல்ல மழை. தபால்காரர் இரண்டு நாள் வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி ஆசுப்பத்திரியில் மருந்து எடுத்தோம். கிணற்றடிக் கொய்யா சாய்ந்துவிட்டது.

உன் அஸ்மியா வந்தார். மழையில் நனைந்து வந்த பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுத்தோம். எழும்பி நின்று, நாங்கள் நல்லரத்தினம் என்ற ஆளோடு பேசவே இல்லை, அது தவறிப் போட்ட பெயர் என்று தெளிவாகச் சொன்னார். "அப்ப ஆரு? எங்கட ஊரான்தானே? பேரைச் சொல்லுங்க" என்றார்கள். "அதச் சொல்ல எனக்கு உரிமை இல்ல" என்றார். நான் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். பேசி முடிக்கும் வரை அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல வளர்ப்பு.

அவர் போன பிறகு அன்ரோ சொன்னான், "தன்ட ஆளைக் காப்பாத்தத்தானே இவ்வளவு தூரம் வந்திரிக்கா" என்று. எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள். முந்தி கொஞ்சம் சந்தேகத்தோடு இருந்தவர்களுக்கும் இப்போது சந்தேகம் இல்லை.

பெக்கோ மெசின் வந்து முகத்துவாரத்தை வெட்டிவிட்டது. தண்ணீர் வடிகிறது. அக்கரையில் வெள்ளாமை தப்பிவிடும் என்கிறார்கள். எங்களுக்கும் இறால் படுகிறது, போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

புள்ள, அம்மா எழுதுறன். சுஜீவா இப்ப நம்மட கிணத்தில தண்ணி அள்ள வாறல்ல. வேலியால பாத்துச் சிரிச்சன், தலையைக் குனிஞ்சிட்டுப் போறாள். அப்பா தோணியில தனியப் போறாரு. நான் ஒண்டும் கேக்கல்ல.

*

வெள்ளவத்தை,
08.12.2024

அப்பாவுக்கு,

அம்மாவின் காலுக்கு நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள். நான் ஏதோ இருக்கிறேன்.

மழையும் கொய்யாவும் எழுதினீர்கள். நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

எனக்கு விளங்காதது இதுதான். நீங்கள் பொய் சொல்லியிருந்தால் அதை ஒளிப்பதில் ஒரு நியாயம் இருக்கும். நீங்கள் சொன்னது உண்மை. இறால் பெரிதாகக் குறையவில்லை, வெள்ளாமை தப்பியது, இரண்டும் நீங்கள் சொன்னபடியே நடந்தது. அந்த உண்மையைச் சொன்னவர் என்று தலை நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் தலை குனிந்து நிற்கிறார். எனக்கும் அக்காவுக்கும் வாய் கட்டியிருக்கிறது. கட்டை அவிழ்க்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். சொல்லிவிடுங்கள் அப்பா. பதவி போனால் போகட்டும்.

நத்தார்ப் பண்டிகைக்கு வரமாட்டேன். வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உங்களுக்குக் காரணம் தெரியும்.

டினோஷா

*

புன்னைக்கரை,
12.01.2025

அன்பு மகளுக்கு,

புது வருடத்தில் ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். நத்தார்ப் பூசை முடிந்து வந்து பார்த்தால் அம்மா மூன்று பேருக்குச் சமைத்து வைத்திருந்தாள். இரண்டு பேர்தான் சாப்பிட்டோம்.

நத்தார் முடிந்த கிழமை சுஜீவாவும் அவனும் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார்கள். சீதனமாகக் கொடுத்த வீட்டைப் பூட்டிப்போட்டுப் பெண் புருசன் ஊருக்குப் போவது நம் பக்கத்தில் நடக்கிற காரியமா? அதுவும் பிள்ளைத்தாச்சியாக. அவள் தாய் வளவுப் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வலையில் பொத்தல் தேடுகிறவன் மாதிரிக் குனிந்தே நின்றேன்.

அதற்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. சங்கத்தின் வருடக் கூட்டம் போன ஞாயிறு நடந்தது. எழும்பிச் சொன்னேன். "அந்தக் கதையச் சொன்னது நான். என்ட மகளிட்டச் சொன்னது நான்தான். அவன் ஒண்டும் சொல்லல்ல."

பிறகு அன்ரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். "பாத்தீங்களா? போனவனுக்காகப் பழியத் தன்ட தலையில போடுறாரு. தலைவரெண்டா இப்பிடி இரிக்கோணும்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். "இல்லகா, உண்மையா நான்தான்" என்று கத்தினேன். கத்தக் கத்த இன்னும் பலமாகத் தட்டினார்கள். காது மெசின் இரைந்தது, கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகும் தட்டுகிற கைகள் கண்ணுக்குத் தெரிந்தன. போட்டி இல்லாமல் மறுபடியும் என்னையே தலைவராக்கிவிட்டார்கள்.

மகள், என் குரல் உன் மெசினில் இருக்குமே. அதை அனுப்பு. கோயில் ஒலிபெருக்கியில் போடப் பங்குச் சுவாமியிடம் கேட்கிறேன். என் வாயை நம்பாதவர்கள் என் குரலையாவது நம்புவார்கள்.

அப்பா

*

வெள்ளவத்தை,
22.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் இருந்து வாசித்தேன். நீங்கள் எழும்பி நின்றதை நினைத்து அழுதேன். அதன் பிறகு நடந்ததற்கும் அழுதேன்.

குரல் இல்லை அப்பா. அறிக்கை வெளிவந்து வருடம் முடிந்தால் பதிவுகளை அழிக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. ஆனால் நான் வருடம் முடியும் வரை காத்திருக்கவில்லை. அஸ்மியா அக்கா நம் ஊருக்கு வர ஆயத்தமான அன்றே அழித்துவிட்டேன். சங்கத்தார் நெருக்கினால் எப்படியாவது உங்கள் குரல் வெளியில் வந்துவிடுமோ என்று பயந்தேன். அழித்த அதே கையால்தான் 'சொல்லிவிடுங்கள் அப்பா' என்று உங்களுக்கு எழுதினேன். மனத்துக்குள் உங்களைக் கோழை என்று ஏசினேன். நானும் உங்கள் மகள்தான்.

இணையத்தில் உள்ள பிரதியில் பெயரை எடுத்துவிட்டோம். அச்சில் போனது போனதுதான். பயிற்சி முடிந்து சான்றிதழ் தந்தார்கள். அந்த அறிக்கையைப் பாராட்டி ஒரு வரியும் இருக்கிறது. பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மாசி கடைசியில் வீட்டுக்கு வருகிறேன். வந்தால் சுஜீவாவின் பூட்டிய வீட்டைத் தாண்டித்தான் நம் படலைக்கு வர வேண்டும்.

உங்கள் மகள்,
டினோஷா

*

புன்னைக்கரை,
16.02.2025

அன்பு மகளுக்கு,

அம்மா இப்போது நன்றாக நடக்கிறாள். நீ வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதிவை நினைத்து மனம் உடையாதே. நான் ஒளிந்துகொண்டிருந்த வீட்டின் கதவைத்தான் நீ வெளியில் இருந்து சாத்தினாய்.

போன வியாழன் குருமண்வெளித் துறையில் பாதைப் படகு ஏறினேன். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு நடுவே நின்று வாவியைக் கடந்து, மண்டூரில் பஸ் எடுத்து அவன் ஊருக்குப் போனேன். எங்கு பார்த்தாலும் வெள்ளாமை வெட்டு. நல்ல விளைச்சல். வரம்பில் நின்றவன் என்னைக் கண்டதும் ஓடிவந்து, "வாங்க மாமா" என்று சாக்கை விரித்து இருத்தினான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை.

"எனக்குத் தெரியும் மாமா. அதே கதையத் தோணியில வச்சு எனக்கும் சொன்னீங்கதானே. அன்ரோ அண்ணன் வாசிக்கக்குள்ளயே விளங்கிட்டு."

"மறுகா ஏன் மகன் நீ சொல்லல்ல?"

"நீங்க கதிரையில இருந்தீங்க. இப்ப எழும்புவீங்க, இப்ப எழும்புவீங்க எண்டு பாத்துக்கிட்டே இருந்தன்."

நீ கேட்டு நான் பதில் எழுதாத கேள்விக்கு இதுதான் பதில் மகள். கதிரையில் நான்தான் இருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும்.

சுஜீவா வெளியில் வரவில்லை. தேத்தண்ணியை அவன் தாய்தான் கொண்டுவந்தாள். வெளிக்கிடும்போது அவன் ஒரு சாக்குப் புது நெல்லைத் தூக்கி வந்தான். "எங்கட வட்டை தப்பினது உங்கட கதையாலதான் மாமா. அதுக்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவு நாளும் வழியில்லாம இரிந்திச்சு" என்றான். ஊருக்குத் திரும்பி வா என்று கூப்பிட்டேன். "அங்க நான் இப்பவும் குற்றவாளிதானே" என்றான்.

நெல்லைக் கொண்டுவந்து அறையில் வைத்திருக்கிறேன். குத்தி அரிசியாக்க அம்மா கேட்கிறாள், இன்னும் கொடுக்கவில்லை. இங்கே தெருவில் போனால் இப்போது பொடியன்கள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறார்கள். அன்ரோ என்னைப் பற்றிச் சுவாமியிடம் சொல்லி, பிரசங்கத்திலும் வந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன். நீ இந்த வேலையை விட்டுவிடாதே. இனியும் யாராவது ஒருவர் சொல்லப் பயந்த உண்மையை உன்னிடம் சொல்லுவார். அவருக்குப் பெயர் மாற்ற வேண்டி வந்தால் எங்கேயும் தேடாதே. இராயப்பு என்று போடு. அந்தப் பெயர்க்காரனுக்கு ஒன்றும் ஆகாது.

அப்பா